பீரோவில் பூட்டிய ஊசி

வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சத்தியம் செய்துவிட்டு ஜெராக்ஸ் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பிளாஸ்டிக் ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை, அசைந்தால் ஆடுகிறது, அதனால் அசையாமல் இருக்கிறேன். எதிரே பள்ளிக்கூடத்தின் கேட். உள்ளே எட்டாம் வகுப்பு பி பிரிவில் என் மகள் சம்யுக்தா, இன்றைக்குத்தான் முதல் நாள். காலையில் கேட்டுக்குக் கொஞ்சம் தள்ளியே என்னை நிறுத்தி, "அம்மா, நீ இங்க நிக்கக் கூடாது. ஒருத்தரோட அம்மாவும் நிக்கல பாரு. ப்ராமிஸ் பண்ணு" என்றாள். பண்ணினேன். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள். சிவப்பு ரிப்பன் வைத்து மடித்துக் கட்டிய இரட்டைச் சடை. அப்படிக் கட்ட எனக்கு வராது, என் கணவரின் அக்கா தங்கமாரி மதினிதான் கட்டிவிட்டார், கட்டும்போதே கண்ணாடியில் அவள் தன் முகத்தை யாரோ ஒருத்தி மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தோஹாவில் தலைமுடியை எப்படி விட்டுக்கொண்டு போனாலும் யாரும் கேட்டதில்லை. அங்கே டீச்சரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், பதினெட்டுப் பிள்ளைகள் ஒரு வகுப்பில், வட்ட மேசை. இங்கே பெஞ்சுக்கு ஐந்து பேர், கடைசிப் பெஞ்சில் ஆறு. அதெல்லாம் பழகிவிடும், அதற்கெல்லாமா நான் பயப்படுகிறேன், பெஞ்சுக்கும் ரிப்பனுக்கும் பயந்தா இந்த வெயிலில் இப்படி உட்கார்ந்திருக்கிறேன், இல்லை, எனக்கு மதியச் சாப்பாட்டு மணிதான் பயம், இன்னும் அடிக்கவில்லை, அடிக்காமலே இருந்துவிடக் கூடாதா.

ஊசி பீரோவில் இருக்கிறது. சாவி கிளார்க் சுடலைமணி சாரிடம் இருக்கிறது. இதையே காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், சொல்லச் சொல்ல ஏதோ தேறுதல் கிடைக்கும் என்பது போல. ஊசி பீரோவில், சாவி அவரிடம். பேனா மாதிரி இருக்கும், நீல மூடியை இழுத்து எடுத்துவிட்டுத் தொடையில் ஓங்கி அழுத்த வேண்டும், துணிக்கு மேலேயே அழுத்தலாம், அவளுக்கே போட்டுக்கொள்ளத் தெரியும், ஆறு வயதிலிருந்து எலுமிச்சம்பழத்தில் குத்திப் பழகியிருக்கிறாள். அங்கே அது எப்போதும் அவள் இடுப்புப் பையில் கிடக்கும். இங்கே பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, அந்தப் பையைக் கையில் வாங்கி, இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "ஊசியெல்லாம் பிள்ளைக கையில குடுக்கப்பிடாதும்மா, அறுபது பிள்ளைக இருக்குற இடம், ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா யாரு பதில் சொல்றது? ஆபீஸ்ல பத்திரமா இருக்கட்டும்" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. நான் உள்ளே ஒரு ஓரமாக உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். "இன்னைக்கு நீங்க உக்காந்தா நாளைக்கு அத்தனை தாயாரும் பாயைத் தூக்கிட்டு வந்துருவாக" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். பல்லைக் காட்டினேன் என்பதுதான் சரி. இன்னொரு ஊசி என் கைப்பையில் இருக்கிறது. அதற்கும் அவளுக்கும் நடுவில் ஒரு ரோடு, ஒரு கேட், ஒரு வாட்ச்மேன். மினி பஸ் ஒன்று குறுக்கே வந்து நின்றால் அதுவும்.

அவளுக்கு வேர்க்கடலை ஆகாது. ஆகாது என்றால் அரிப்பு, தடிப்பு இல்லை. நாலு வயதில், பக்கத்து ஃப்ளாட்டில் பிறந்தநாள், ஒரு பிஸ்கட், அதுவும் பாதி. என்னிடம் ஓடி வந்து அம்மா என்றாள். அந்த அம்மாவை நான் மறக்க மாட்டேன். அது அவள் குரல் இல்லை. கிழவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிடுகிற மாதிரி இருந்தது, விளையாடுகிறாள் என்று நினைத்து நான் சிரித்தேன், பிறகுதான் உதட்டைப் பார்த்தேன். உதடு வீங்குவதற்கு முன்னாலேயே குரல் மாறிவிட்டது. காரில் பின்சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டு, பேசுடா, ஏதாவது பேசு, பாட்டுப் பாடு என்று கத்திக்கொண்டே போனேன், என் கணவர் செண்பகராஜ் சிக்னல் எதையும் பார்க்காமல் ஓட்டினார், அவள் வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. டாக்டர் பிறகு சொன்னார், குரலைக் கவனியுங்கள், குரல் கம்மினால் காத்திருக்காதீர்கள், உடனே இந்த ஊசியைப் போட்டுவிடுங்கள். அன்றிலிருந்து அவள் ஒவ்வொரு சொல்லையும் இரண்டு முறை கேட்கிறேன், ஒரு முறை என்ன சொல்கிறாள் என்பதற்கு, இன்னொரு முறை எப்படிச் சொல்கிறாள் என்பதற்கு. சளி பிடித்தால்கூட எனக்குத் தூக்கம் போய்விடும். "ஏம்மா என் வாயையே பாக்குற" என்பாள். வேறு எதைப் பார்ப்பது. தோஹா ஸ்கூல் சாப்பாட்டுக் கூடத்தில் அவள் போட்டோவை ஒட்டி, பக்கத்தில் கடலைப் படம் போட்டு, குறுக்கே சிவப்புக் கோடு இழுத்திருந்தார்கள். யாரும் யாருக்கும் சாப்பாடு கொடுக்கக் கூடாது, வாங்கக் கூடாது, அது சட்டம். எட்டு வருஷம் அங்கே நான் பயமில்லாமல் இருந்தேன் என்று இப்போதுதான் தெரிகிறது. இருக்கும்போது அருமை எங்கே தெரிகிறது. கம்பெனி இவரைப் பாலைவனத்துக்கு நடுவில் ஒரு கேம்ப்புக்கு மாற்றிவிட்டது, அங்கே குடும்பம் வரக் கூடாது, நாங்கள் இவருடைய ஊருக்கு வந்தோம். இவருடைய ஊர் கோவில்பட்டி.

கோவில்பட்டி! பூமியில் இத்தனை ஊர் இருக்க, கடலைமிட்டாய் என்றாலே பெயர் சொல்கிற ஊருக்கு இந்தப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ரயிலை விட்டு இறங்கியதும் வாசனைதான் முதலில் வரவேற்றது, வெல்லப்பாகும் வறுத்த கடலையும், ஊரே மணக்கிறது என்று இவர் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வாரே அதுதான், நான் துப்பட்டாவால் சம்யுக்தாவின் மூக்கைப் பொத்தினேன், அவள் தட்டிவிட்டாள். வாசனை ஒன்றும் செய்யாது, எனக்கும் தெரியும். ஆனால் தெரு முனையில் சாக்கை உதறுகிறார்கள், தோல் பறக்கிறது, சிவப்புத் தோல், வெங்காயச் சருகு மாதிரி லேசாக, வந்து அவள் தோளில் உட்காருகிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், எனக்கு இங்கே சிவந்ததெல்லாம் கடலைத்தோல். சட்னியில் கடலை, பொடியில் கடலை, எண்ணெய் கடலை எண்ணெய், விருந்தாளி வந்தால் தட்டில் கடலைமிட்டாய், அழுகிற பிள்ளை கையில் கடலைமிட்டாய். இதோ கேட்டை ஒட்டி ஒரு அம்மாள் தள்ளுவண்டி போட்டிருக்கிறார், நெல்லிக்காய், மிளகாய்ப்பொடி தூவிய மாங்காய்க் கீற்று, நடுவில் ஈரத்துணி போட்டு மூடி ஆவி பறக்க அவித்த கடலை. மணி அடிக்கப் போகிறது என்று துணியை விலக்கி வைக்கிறார். என்னைப் பார்த்து, "என்னம்மா காலையிலருந்து இங்கனயே உக்காந்திருக்கீக? ஒரு டம்ளர் கடலை தரட்டா, சூடா இருக்கு, வாயில போட்டுக்கிட்டே இருந்தா பொழுது போகும்ல" என்கிறார். வேண்டாம்மா என்கிறேன். என் கையில் பட்டால், அந்தக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டால். "கடலை வேணாம்னு சொல்லுத ஆளை இந்த ஊர்ல இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று அவர் தனக்குத்தானே சிரித்துக்கொள்கிறார்.

வேண்டாம் என்று சொல்வதுதான் இங்கே பெரிய சிக்கல். வந்த முதல் வாரம் பின்வீட்டு மாரிக்கனி அக்கா தட்டில் கடலை உருண்டை கொண்டுவந்தார், புதுசாக வந்திருக்கிற பிள்ளைக்கு என்று ஆசையாக, அப்போதுதான் பிடித்தது, கையில் இன்னும் நெய் மினுங்கியது. சம்யுக்தா ஒரு அடி பின்னால் போய், "நோ, தேங்க் யூ" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். அவர் முகம் செத்துவிட்டது. தட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து மெதுவாக, "எங்க வீட்ல எல்லாம் வாங்கித் திங்க மாட்டாகளோ" என்றார். எனக்கு ஒரு நொடி புரியவில்லை, புரிந்ததும் உடம்பெல்லாம் கூசியது, ஐயோ அது இல்லைக்கா, சாதியெல்லாம் இல்லைக்கா, உடம்புக்கு ஆகாது, செத்துப்போவாள் என்று உளறினேன். கடலை தின்று யாராவது சாவார்களா? அவர் நம்பவில்லை. சாக்குச் சொல்லத் தெரியாதவள் சொல்கிற சாக்காகத்தான் அது அவர் காதில் விழுந்திருக்கும். மதினியே பாதிதான் நம்புகிறார். "கொஞ்சங் கொஞ்சமா குடுத்துப் பழக்குனா சரியாப் போயிரும் ஹேமா, நம்ம ரத்தத்துல கடலை ஒத்துக்காமப் போகுமா?" என்றார் ஒருநாள், அதற்குப் பிறகு அவர் கையால் அவளுக்கு ஒரு தோசைகூட நான் கொடுக்கவிடுவதில்லை, அதில் அவருக்கு வருத்தம், எனக்கும்தான் வருத்தம், என்ன செய்ய. நேற்று சாயங்காலம் ரிப்பனை இஸ்திரி போட்டுக்கொண்டே அவர் தன் பள்ளிக்கூடக் கதை சொன்னார், இதே பள்ளிக்கூடம்தான், வேப்ப மரத்தடியில் வட்டமாக உட்காருவார்களாம், டப்பாவைத் திறந்ததும் முதல் வாய் தனக்கு இல்லையாம், பக்கத்தில் உள்ளவள் மூடியில் வைக்க வேண்டுமாம், அவள் அடுத்தவளுக்கு, அப்படியே சுற்றி வருமாம். "வாங்கலைன்னா அப்புறம் அவகூட ஒருத்தியும் பேச மாட்டாளுக" என்று அவர் பெருமையாகச் சொல்லிச் சிரிக்க, நானும் சம்யுக்தாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்ளாமல் இருந்தோம். பிறகு கொசுவலைக்குள் கேட்டாள், "எல்லாரும் குடுக்கறப்ப நான் மட்டும் வேண்டாம்னா என்னம்மா நெனைப்பாங்க?" நினைத்தால் நினைக்கட்டும், நீ வாங்கக் கூடாது, அவ்வளவுதான் என்றேன். ஏற்கெனவே அட்மிஷன் அன்று பெயர் கேட்டதற்கு, என்னுடைய பெயர் சம்யுக்தா, நான் தோஹாவிலிருந்து வந்திருக்கிறேன் என்று நியூஸ் வாசிக்கிற மாதிரி சொல்லி, வராந்தாவில் நின்ற பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தது அவளுக்கு நினைவிருக்கும். வேண்டாம் என்றும் அப்படித்தான் சொல்வாள், சுத்தமாக, திருத்தமாக. அதைவிடப் பெரிய திமிர் இந்த ஊரில் வேறு உண்டா. அவள் வாங்கினாலும் பயம், வாங்காவிட்டாலும் பயம், வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பது என்றால் இதுதான், ஆனால் இரண்டு பயமும் ஒரே எடை இல்லை, ஒன்றில் அவள் அழுவாள், இன்னொன்றில்.

மணி. தண்டவாளத் துண்டில் அடிக்கிறார்கள், அந்த ஓசை பல்லில் கூசுகிறது. கட்டடமே வாய் திறந்த மாதிரி சத்தம். எழுந்துவிட்டேன், ஸ்டூல் பின்னால் விழுகிறது, கடைக்காரப் பையன் நிமிர்ந்து பார்க்கிறான். உட்கார், ஹேமா. சத்தியம் செய்திருக்கிறாய். டப்பாவில் எலுமிச்சம்பழச் சோறும் உருளைக்கிழங்கும், நல்லெண்ணெய், என் கையால் செய்தது, ஸ்பூன் தனியாக, அவள் பாட்டுக்குச் சாப்பிடுவாள், கிரேஸ் டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன், கிளாஸ் டீச்சர், நல்ல முகம், "பாத்துக்கிடுவோம்மா" என்றார், பார்த்துக்கொள்வார், அறுபது பேரில் ஒருத்தியை எப்படிப் பார்ப்பார், ஊசி பீரோவில் இருக்கிறது, சாவி கிளார்க்கிடம். கேட் கொஞ்சமாகத் திறக்கிறது. ஒரு ஸ்கூட்டி வெளியே வருகிறது. வழுக்கைத் தலை, சட்டைப் பையில் இரண்டு பேனா, முன்னால் ஒரு தூக்குச்சட்டி. சுடலைமணி சார். வாட்ச்மேனிடம் ஏதோ சொல்லிச் சிரிக்கிறார். வீட்டுக்குச் சாப்பிடப் போகிறார். போகட்டும், மனிதர் சாப்பிட வேண்டாமா, சாவியை வைத்துவிட்டுத்தான் போவார், மேசை மேல், ஆணியில், எங்காவது, அவர் என்னைக் கடந்து போகும்போது பார்க்கிறேன், இடுப்பு பெல்ட்டில் கொத்தாகத் தொங்குகிறது, வெயிலில் மின்னுகிறது, பெரிய சாவி, சின்னச் சாவி, எல்லாம் குலுங்கிக்கொண்டே பஜார் பக்கம் திரும்பிப் போகிறது. சார் என்று கூப்பிடுகிறேன். கூப்பிட்டேனா? வாய்தான் திறந்தது, அந்தக் காரில் அவள் திறந்த மாதிரி. ரோட்டைக் கடந்தது தெரியவில்லை. ஒரு ஹாரன், ஒரு வசவு, அவித்த கடலையின் ஆவி முகத்தில் அடிக்கிறது, கேட்டின் கம்பி கையில் சுடுகிறது.

"உள்ள போகக்கூடாதும்மா, பெரிய டீச்சர் வைவாக" என்கிறார் வாட்ச்மேன் அய்யாத்துரை. உள்ளே வரவில்லை, பார்க்க மட்டும் செய்கிறேன் என்கிறேன். என் முகத்தைப் பார்த்து அவர் நகர்ந்துகொள்கிறார். கம்பிக்கு அந்தப் பக்கம் மைதானம், குழாயடி, வேப்ப மரம், மரத்தடியில் வட்டம் வட்டமாக நீலச் சுடிதார்கள். எல்லாச் சடையிலும் சிவப்பு ரிப்பன், எல்லாம் ஒன்றுபோல் இருக்கிறதே, எது என்னுடையது, என் பிள்ளையை எனக்கே தெரியவில்லையே. அதோ. ஸ்பூன் வைத்திருப்பவள் அவள் ஒருத்திதான். நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள், டப்பா திறந்திருக்கிறது. இடது பக்கத்துப் பிள்ளை இட்லியைப் பிட்டு எதிலோ தோய்த்துத் தின்கிறாள், செக்கச்செவேல் என்று கெட்டியாக ஒரு சட்னி, கடலைச் சட்னி, வேறென்ன. விரலைச் சப்புகிறாள். சப்பின கையைச் சர்வசாதாரணமாக நீட்டி சம்யுக்தாவின் டப்பாவில் விடுகிறாள், ஒரு உருண்டை எலுமிச்சம்பழச் சோறு, வாயில் போட்டுக்கொண்டு நல்லா இருக்கு என்பது போல் தலையை ஆட்டுகிறாள். போயிற்று. அந்தச் சோறு போயிற்று. சாப்பிடாதே, சாப்பிடாதே, தெரியுமில்லையா உனக்கு, சொல்லியிருக்கிறேன் இல்லையா. அவள் ஸ்பூனைக் கீழே வைக்கிறாள். தெரிகிறது அவளுக்கு. ஒரு கணம் டப்பாவைப் பார்க்கிறாள். பிறகு இரண்டு கையாலும் அதை வட்டத்துக்கு நடுவில் தள்ளிவிடுகிறாள், எடுத்துக்கோங்க என்கிற மாதிரி. எல்லாக் கைகளும் பாய்கின்றன. கண் மூடித் திறப்பதற்குள் டப்பா காலி. அவள் சிரிக்கிறாள், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. காலையில் பயத்தில் பாதித் தோசையோடு எழுந்துவிட்டவள். பட்டினி. யாரிடமும் வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பதற்கு என் பிள்ளை கண்டுபிடித்த வழி இதுதான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. வாங்காதே என்று மட்டும்தான் எனக்குச் சொல்லத் தெரிந்தது. கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுகிறேன், வாட்ச்மேன் வேறு பக்கம் பார்க்கிறார். இப்போது எதிரில் இருக்கிற நெட்டைப் பிள்ளை அவளிடம் ஏதோ கேட்கிறாள், மடியில் சத்துணவுத் தட்டு. சம்யுக்தா கையைத் தொண்டையில் வைத்துக் காட்டி என்னவோ சொல்கிறாள், நிறையச் சொல்கிறாள். நெட்டைப் பிள்ளை மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எழுந்துவிட்டாள். கோபித்துக்கொண்டு போகிறாள். முடிந்தது, மாரிக்கனி அக்காவின் முகம்தான் இனி இங்கேயும். இல்லை, குழாயடிக்குப் போகிறாள். சோப்புத் துண்டை எடுத்து முழங்கை வரைக்கும் தேய்க்கிறாள். தட்டிலிருந்து முட்டையை எடுக்கிறாள், ஓடு உரிக்காத முட்டை, அதையும் சோப்புப் போட்டுக் கழுவுகிறாள், ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி திருப்பித் திருப்பி. கொண்டுவந்து நீட்டுகிறாள். தட்டில் இனி அவளுக்கு வெறும் சோறுதான்.

வாங்கிவிட்டாள். ஓடு இருக்கிறது, ஓட்டுக்குள் ஒன்றும் போகாது. அண்டாவில் நூறு முட்டை ஒன்றாகக் கொதித்தால் விரியாமலா இருக்கும், மயிரிழை போல் ஒரு விரிசல் போதாதா, கடலை எண்ணெய்க் குழம்புக் கரண்டியையே அந்தத் தண்ணீரில் விட்டிருந்தால். "மக தானே? கூப்பிடட்டா?" என்கிறார் வாட்ச்மேன். கூப்பிடுங்கள் என்று சொல்லப் போகிறேன். கூப்பிட்டால் அவள் தட்டிவிடுவாள், அந்தப் பிள்ளை கழுவிக் கொடுத்த முட்டையை, அம்மாவைப் பார்த்துத் தட்டிவிட்டவள் என்று பத்தாம் வகுப்பு வரைக்கும் பெயர் நிற்கும். கூப்பிடாவிட்டால். கைப்பையைத் திறந்து ஊசியை எடுத்துவிட்டேன், நீல மூடியையும் எடுத்துவிட்டேன். வேண்டாம், கூப்பிடாதீங்க என்று யாரோ சொல்கிறார்கள், என் குரல்தான். அவள் டப்பா விளிம்பில் முட்டையைத் தட்டி உரிக்கிறாள், நகத்தால், பொறுமையாக. அப்போது நிமிர்ந்து பார்த்துவிட்டாள். கேட்டையும் என்னையும் என் கையில் இருப்பதையும். அவள் முகத்தில் கோபம்கூட இல்லை, அம்மா ப்ளீஸ் என்பதுதான் இருந்தது. பிறகு அப்படியே திரும்பி, முதுகை எனக்குக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். இப்போது உதடு தெரியவில்லை. எனக்குத் தெரிவது இரண்டு சடை, இரண்டு ரிப்பன். தலை குனிகிறது. கடித்துவிட்டாள். ஒன்றும் ஆகாது. ஏதாவது ஆகும். திரும்பு, ஒரு தடவை திரும்பு, உன் வாயை எனக்குக் காட்டு. அவள் தோள் குலுங்குகிறது. இருமுகிறாளா சிரிக்கிறாளா, பின்னாலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான், கேட்டைத் தள்ளுகிறேன், வாட்ச்மேன் "ஏம்மா, ஏம்மா" என்கிறார், ஒரு கால் உள்ளே வைத்துவிட்டேன்.

"ஏட்டி! உப்பு இருக்கா?"

அவள் குரல்தான், மைதானத்தைத் தாண்டிக் கேட்கிறது. கம்மல் இல்லை, கரகரப்பு இல்லை, கணீரென்று, கொஞ்சம் அதிகச் சத்தமாகவே. இன்னொரு தடவை, "ஏட்டி, உன்னத்தான், உப்பு!" யாரோ காகிதப் பொட்டலத்தைத் தூக்கி எறிகிறார்கள், அவள் எம்பிப் பிடிக்கிறாள், வட்டமே சிரிக்கிறது. ஏட்டி. இந்த ஊர்ப் பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுகிற சொல், அதை எப்போது கற்றுக்கொண்டாள், காலையிலிருந்து மதியத்துக்குள்ளா. நான் வழக்கம்போல இரண்டு தடவை கேட்டுவிட்டேன், முதலில் குரலை, அப்புறம்தான் சொல்லை. உள்ளே வைத்த காலை வெளியே எடுத்துக்கொண்டேன். மூடியைத் திரும்பப் போட வரவில்லை. அய்யாத்துரை வாங்கிப் பார்த்து, ஒன்றும் கேட்காமல் மூடிக் கொடுத்தார். பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய், மணி அடித்து வகுப்புக்குள் போகிறவரை கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பேன், சாயங்காலம் பெரிய டீச்சரைப் பார்த்து அந்தச் சாவிக்கு ஒரு வழி கேட்காமல் போக மாட்டேன். நாளைக்கு டப்பாவில் எட்டு பேருக்குச் சோறு வைக்க வேண்டும். அவளுக்கென்று தனியாக ஒரு சின்ன டப்பா, இறுக்கமான மூடியோடு. நெட்டைப் பிள்ளைக்கு ஒரு முட்டை, கூடவே ஒரு பொட்டலம் உப்பு.